அக்காவின் மாத்திரை இன்னும் 38 நாட்களுக்குத்தான் இருக்கிறது: பினெல்சின் வரவழைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உறையூர்த் தம்பி | மார்ச் 4, இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 52 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேல் லண்டனில் இருந்தவர், அப்பா காலமான பிறகு அம்மாவுக்குத் துணையாக ஜனவரியில் திருச்சிக்கே வந்துவிட்டார். அவருக்குக் கடும் மனச்சோர்வு நோய் உண்டு. 11 ஆண்டுகளாகப் பினெல்சின் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்கிறார். நார்டில் என்பது அதன் வணிகப் பெயர். 15 மில்லிகிராம், நாளொன்றுக்கு மூன்று.

இதற்கு முன் அவருக்கு ஆறு மருந்துகள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மின்னதிர்வுச் சிகிச்சையும் நடந்தது. அந்த ஆண்டுகளில் நான் தொலைபேசியில் கேட்ட அக்காவின் குரலை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. இந்த மாத்திரை தொடங்கிய ஆறாவது வாரம், "இன்றைக்கு ரசம் வைத்தேன்டா" என்று சொன்னார். அன்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம்.

தில்லை நகர், சத்திரம், பெரிய கடை வீதி என்று பதினேழு மருந்துக் கடைகள் ஏறி இறங்கிவிட்டேன். பாதிப் பேர், "தூக்க மாத்திரையெல்லாம் வைப்பதில்லை" என்று சொல்லி அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்கள். ஒரு கடையில் "இதுதான் அது" என்று ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்கள். பெயர் சற்று வேறாக இருந்ததால் வாங்காமல் வந்துவிட்டேன்.

இன்றிரவு எண்ணினேன். 114 மாத்திரைகள் இருக்கின்றன. ஏப்ரல் 11 வரை வரும். அதற்குப் பின் என்ன செய்வது?

மாசி வீதி மருந்தாளர் | மார்ச் 4, இரவு 10.35

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தக் கடையில் நீட்டிய அட்டையில் இருந்த பெயர் பினைல்எஃப்ரின் தானா?

உறையூர்த் தம்பி | மார்ச் 4, இரவு 10.41

ஆமாம் ஐயா. வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து அச்சிட்டிருந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மாசி வீதி மருந்தாளர் | மார்ச் 4, இரவு 11.20

வாங்காமல் வந்தீர்களே, உங்களுக்குக் கோடி புண்ணியம். அது சளி மாத்திரை. மூக்கடைப்புக்காகப் பினைல்எஃப்ரின் சேர்த்திருப்பார்கள். பினெல்சின் எடுப்பவர் கட்டாயம் தவிர்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறிவிடும். பெயர் ஒலிப்பு ஒத்திருக்கிறது என்பதற்காக இப்படி எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை என் தொழிலில் இருப்பவர்கள் விட்டாக வேண்டும். 26 ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. பினெல்சின் நம் நாட்டுச் சில்லறைக் கடைகளில் கிடைக்கும் மருந்து அன்று. பதினேழு கடை ஏறினாலும் எழுபது கடை ஏறினாலும் ஒன்றுதான். வெயிலில் அலையாதீர்கள்.

நம் ஊரில் தயாராகும் மனநல மருந்துகளே கிடைக்காமல் போவது எப்படி என்று சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும். இமிப்ரமின், குளோமிப்ரமின், சில நேரம் லித்தியம் கூட என் கடையில் வாரக்கணக்கில் இருக்காது. இவை பழைய மருந்துகள், விலை குறைவு. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்குச் சில்லறை வியாபாரிக்குச் சட்டம் வகுத்த இலாபம் 16 சதவீதம். ஓர் அட்டை விற்றால் கையில் நிற்பது சில ரூபாய். மாதம் இரண்டு பேர் மட்டும் கேட்கும் மருந்தை வாங்கி அடுக்கினால், பாதி காலாவதியாகித் திரும்பிப் போகும். அதனால் எங்களுக்கு மருந்து தரும் சின்ன ஸ்டாக்கிஸ்ட், அதாவது மொத்த வியாபாரி, எடுப்பதை நிறுத்துகிறார். அவர் நிறுத்தினால் அந்த வட்டாரம் முழுக்க இல்லை. இன்னொன்று, பயம். 2014இல் எச்1 அட்டவணை என்ற கட்டுப்பாட்டுப் பட்டியல் வந்தபோது அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கச் சொன்னார்கள். மனச்சோர்வு மருந்துகள் அந்தப் பட்டியலில் இல்லை. சில கடைக்காரர்களோ மனநல மருத்துவர் எழுதிய எதைக் கண்டாலும் "வம்பு வேண்டாம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். "தூக்க மாத்திரை வைப்பதில்லை" என்று உங்களுக்குக் கிடைத்த பதிலின் பின்னணி இதுதான்.

ஆகவே இந்திய மருந்து தேடுபவர்கள் கடை கடையாக ஏறுவதை விட, வேதிப் பெயரை மருந்துச் சீட்டில் எழுதி வாங்கி, ஒரே கடையில் கொடுத்து, "மாதா மாதம் நான் வாங்குவேன், எனக்காக வரவழையுங்கள்" என்று முன்பணமும் கொடுங்கள். உறுதியாக வாங்க ஆள் இருக்கிறார் என்றால் நாங்கள் கட்டாயம் வரவழைப்போம்.

நேர்வழி | மார்ச் 5, காலை 7.15

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஒரே மாத்திரையை 11 ஆண்டுகள் விழுங்குவது சரியா? இந்தியாவில் மனச்சோர்வுக்கு எத்தனையோ மருந்துகள் இருக்கின்றன. கிடைக்காத ஒன்றைத் தேடுவதை விட்டுவிட்டுக் கிடைப்பதற்கு மாறுவதுதானே அறிவு? அல்லது மெல்ல மெல்ல விட்டுவிட்டு நடைப்பயிற்சி, தியானம் என்று போகலாமே?

உறையூர்த் தம்பி | மார்ச் 5, காலை 8.02

ஆறு மருந்துகள் பார்த்தாகிவிட்டது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். என் அக்கா தினமும் காலையில் காவிரிக் கரையில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறார். நடக்க முடிவதே இந்த மாத்திரையால்தான்.

கொங்கு மனநலம் | மார்ச் 5, பிற்பகல் 2.30

நான் மனநல மருத்துவர். இணையத்தில் யாருக்கும் அளவு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. பொதுவானவற்றைச் சொல்கிறேன்.

நேர்வழி அவர்களே, உங்கள் கேள்வி பலர் மனத்தில் இருப்பதுதான். 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் மருந்திலேயே முழுமையாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். மருந்து மாற்ற மாற்றத் தேறும் வாய்ப்பு குறைந்துகொண்டே போனது. அந்த ஆய்வின் நான்காம் கட்டத்தில் வைத்திருந்த மருந்துகளில் ஒன்று, பினெல்சினின் வகையைச் சேர்ந்த டிரானில்சிப்ரமின். அதாவது வேறு எதுவும் பலிக்காதபோது கடைசியாகத் திறக்கும் கதவு இந்த வகை மருந்து. ஒருவருக்கு அது திறந்துவிட்டதென்றால் அதை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது.

மேலும், மாறுவதும் எளிதன்று. பினெல்சினை நிறுத்திய பிறகு மற்ற பெரும்பாலான மனச்சோர்வு மருந்துகளைத் தொடங்க 14 நாட்கள் இடைவெளி வேண்டும். அந்த 14 நாட்களில் நோயாளி மருந்தின் காவல் இல்லாமல் நிற்பார். ஃபுளூவாக்செடின் என்ற மனச்சோர்வு மருந்திலிருந்து இதற்குத் திரும்ப வேண்டுமென்றால் ஐந்து வாரங்கள். திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் கூடும், நோயும் திரும்பும். எனவே, "தீரும் வரை சாப்பிடுவோம், பிறகு பார்ப்போம்" என்பது மிக ஆபத்தான திட்டம்.

உறையூர்த் தம்பி, இந்த வாரமே அக்காவை ஒரு மனநல மருத்துவரிடம் நேரில் அழைத்துப் போங்கள். அவரிடம் இரண்டு கேட்க வேண்டும். ஒன்று, வரவழைப்பதற்கான மருந்துச் சீட்டும் விளக்கக் கடிதமும். இரண்டு, மருந்து வராவிட்டால் எத்தனை மாத்திரை மிச்சமிருக்கும்போது அளவைக் குறைக்கத் தொடங்குவது என்ற ஒரு நாள். அந்த நாளை இப்போதே குறித்துவிடுங்கள். நெருக்கடி வந்த பிறகு யாருக்கும் தெளிவாக யோசிக்க வராது.

வடமராட்சி | மார்ச் 5, இரவு 8.10

தம்பி, நான் பருத்தித்துறைப் பக்கம். 2022இல் எங்கள் நாடு முழுவதும் மருந்து இல்லாமல் தவித்தது நினைவிருக்கும். எங்களுக்கு மருந்தின் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வர வேண்டும். கையில் டொலர் இல்லை என்றதும் முதலில் காய்ந்தவற்றில் ஒன்று கிளினிக் அலுமாரி. என் மனைவிக்கு வழக்கமாக ஒரு மாதத்துக்குத் தரும் குளிசை இரண்டு கிழமைக்கு வந்தது, பிறகு ஒரு கிழமைக்கு. பஸ்ஸுக்கு டீசல் இல்லாத நாட்களில் சைக்கிளில் போய் வாங்கி வந்தேன்.

அப்போது நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிசை தீரப் போகிறது என்பதை மனைவியிடம் மறைத்தேன். கவலைப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தானே எண்ணிப் பார்த்து, எனக்குத் தெரியாமல் நாளுக்கு ஒன்று விட்டு ஒன்று விழுங்கத் தொடங்கியிருந்தாள். நான் கண்டுபிடித்தபோது மூன்று கிழமை கடந்துவிட்டது. அக்காவிடம் மறைக்காதீர்கள். எண்ணிக்கையை அவரோடு சேர்ந்தே எண்ணுங்கள்.

திருவரங்கத்தான் | மார்ச் 6, காலை 6.45

லண்டனிலிருந்து மாதம் யாராவது ஒருவர் திருச்சிக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள். பெட்டியில் நாலு டப்பா போட்டுக் கொண்டுவரச் சொன்னால் முடிந்தது. இதற்குப் போய் ஏன் இவ்வளவு கலக்கம்?

பொருநை | மார்ச் 6, காலை 11.30

முடியாது ஐயா. நானும் அப்படி நினைத்து மாட்டிக்கொண்டவள்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி ஒரு பயணி தன் பெட்டியில் மருந்து கொண்டுவரலாம். ஆனால் அது அவருடையதாக, அவர் மட்டுமே பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். ஒரு மருந்து 100 சராசரி அளவுகளுக்கு மேல் போகக் கூடாது. இன்னொருவருக்காகக் கொண்டுவருவது இந்த விதியில் அடங்காது. சுங்கத்தில் கேட்டால் கொண்டுவந்தவர்தான் விழிப்பார். உதவி செய்ய வந்தவரை அந்த இடத்தில் நிறுத்துவது நியாயமா?

பெட்டியில் வராமல் தனியாக வரவழைக்க அதே விதியில் வேறு வழி இருக்கிறது. படிவம் 12ஏ என்பது விண்ணப்பம். படிவம் 12பி என்பது அனுமதி. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுபெற்ற மருத்துவரின் மருந்துச் சீட்டு வேண்டும். கேட்கும் அளவு நியாயமானது என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். என் மகனுக்கு டிரானில்சிப்ரமின் வரவழைக்க இந்த வழியில்தான் போனேன்.

முதல் முறை என் விண்ணப்பம் திரும்பி வந்தது. சீட்டில் மருத்துவர் வணிகப் பெயரை மட்டும் எழுதியிருந்தார், எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. நான் விண்ணப்பத்தில் 400 மாத்திரை என்று நிரப்பியிருந்தேன். சீட்டின் கணக்கும் என் கணக்கும் பொருந்தவில்லை. இரண்டாம் முறை மருத்துவரின் எதிரிலேயே உட்கார்ந்து சரிபார்த்தேன். வேதிப் பெயர், வீரியம், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாள், மொத்தம் எத்தனை, மருத்துவரின் பதிவு எண். நோயாளியின் பெயர் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே. தலைப்பெழுத்து முன்னே பின்னே போனாலும் கேள்வி வரும். முன்பு எந்தெந்த மருந்து கொடுத்துப் பலிக்கவில்லை, இதற்கு ஈடாக உள்நாட்டில் ஏன் வேறொன்று கொடுக்க முடியாது என்று ஒரு பக்கக் கடிதமும் வைத்தோம். அந்தக் கடிதம்தான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

மருந்தை யாரிடமிருந்து வாங்குவது என்பது அடுத்த கேள்வி. நம் மருத்துவர் எழுதிய சீட்டுக்கு லண்டன் கடையில் மருந்து தர மாட்டார்கள். புற்றுநோய்க்கும் அரிய நோய்களுக்கும் நோயாளியின் பெயரிலேயே மருந்து தருவிக்கும் உரிமம் பெற்ற இறக்குமதியாளர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். விலையோடு கூரியர், சுங்கம் எல்லாம் சேரும். எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். உரிம எண் தராதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் "எந்த மருந்தும் கிடைக்கும்" என்று வருபவரிடம் நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். உறையில் அச்சு கூட நேராக இல்லாத மாத்திரை வந்தது. குப்பையில்தான் போட்டேன்.

களப்பணியாளர் | மார்ச் 7, மாலை 5.20

மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை செய்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் பலர் அறிவதில்லை. அரசு வெளியிடும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய நல மையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். "இந்த மாதம் வரவில்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதச் சொன்னதும் பல இடங்களில் மருந்து வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பினெல்சின் அத்தகைய பட்டியலில் வராது என்பதால் உறையூர்த் தம்பிக்கு இது நேரடியாக உதவாது. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு மருத்துவர்களும் சீட்டும் கடிதமும் தரலாம். தனியார் கட்டணம் தர முடியாதவர்கள் அங்கே போங்கள். காத்திருக்கும் நாட்களில் அக்காவுக்கு மனம் மிகவும் தாழ்ந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம் தம்பி. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உறையூர்த் தம்பி | மார்ச் 9, இரவு 9.15

99 மாத்திரைகள். வடமராட்சி அண்ணா, உங்கள் பதிவைப் படித்த இரவே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏற்கெனவே எண்ணி நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். நான்தான் அத்தனை நாளும் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவரைப் பார்த்தாகிவிட்டது. பொருநை அம்மா எழுதியதை அச்சிட்டு எடுத்துப்போய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கணினியை மூடிவிட்டுப் பொறுமையாக எழுதினார். 60 மாத்திரை மிச்சமிருக்கும் நாளை எல்லையாக வைத்திருக்கிறோம். அது மார்ச் 22. அதற்குள் மருந்து கைக்கு வராவிட்டால் மறுநாளிலிருந்து நாளைக்கு இரண்டு.

கொங்கு மனநலம் | மார்ச் 10, பிற்பகல் 3.05

நல்லது. இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். பிரிட்டனில் இந்த வகை மருந்து எடுப்பவர்களிடம் ஓர் எச்சரிக்கை அட்டை கொடுப்பது வழக்கம். இங்கே இந்த மருந்தைக் கண்ணால் பார்த்திராத மருத்துவர்களே மிகுதி. அக்கா எங்காவது மயங்கி விழுந்தால் சேர்க்கிற இடத்தில் யாருக்கும் தெரியாது. 1984இல் நியூயார்க்கில் லிபி சியான் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார். பினெல்சின் எடுத்துக்கொண்டிருந்தவருக்குப் பெத்திடின் என்ற வலிநிவாரணி ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் இறந்துபோனார். பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தையே அந்த மாநிலம் வரையறுக்கக் காரணமான மரணம் அது.

உணவையும் அட்டையில் சேருங்கள். பழைய பாலாடைக்கட்டி, கருவாடு, சோயா சாஸ், ஈஸ்ட் சாறு போன்று நாள்பட்டும் புளித்தும் இருப்பவற்றில் டைரமின் என்ற பொருள் உண்டு. இந்த மருந்து உடலில் அதைச் சிதையவிடாது. அதனால் இரத்த அழுத்தம் எகிறிக் கடும் தலைவலி வரும். மருந்தாளர் ஐயாவுக்கு ஒரு செய்தி: பாலாடைக்கட்டிக்கும் இந்தத் தலைவலிக்கும் உள்ள தொடர்பை பிரிட்டனில் ஒரு மருந்தாளர் தன் மனைவிக்கு வந்த தலைவலியைக் கவனித்துக் கடிதம் எழுதினார். பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர் அதைப் பின்தொடர்ந்து 1963இல் உலகுக்குச் சொன்னார்.

மாசி வீதி மருந்தாளர் | மார்ச் 10, இரவு 10.50

இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் கடையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அட்டைக்கான வாசகத்தை நானே எழுதியிருக்கிறேன். கொங்கு ஐயா திருத்தித் தர வேண்டும்.

"நான் பினெல்சின் என்ற மருந்து எடுத்துக்கொள்கிறேன். என் மருத்துவரைக் கேட்காமல் எனக்குப் பெத்திடின், டிரமடால், டெக்ஸ்ட்ரோமெதார்பான் கலந்த இருமல் மருந்து, பினைல்எஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மருந்து, வேறு மனச்சோர்வு மருந்து எதையும் கொடுக்காதீர்கள். திடீரெனக் கடும் தலைவலி, பிடரி வலி, படபடப்பு வந்தால் உடனே இரத்த அழுத்தம் பாருங்கள். அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்."

ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். பணப்பையில் ஒன்று, வீட்டு நிலைக் கதவில் ஒன்று.

கொங்கு மனநலம் | மார்ச் 11, காலை 7.40

ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. கீழே மருத்துவரின் தொலைபேசி எண்ணை மட்டும் சேருங்கள்.

உறையூர்த் தம்பி | மார்ச் 22, இரவு 10.10

60 மாத்திரைகள். 11ஆம் தேதி விண்ணப்பித்தோம். அனுமதி இன்னும் வரவில்லை. நாளையிலிருந்து இரண்டு. அக்கா எதுவும் பேசவில்லை. மூன்றாவது மாத்திரையின் நேரமான இரவு எட்டு மணிக்கு இனி பால் குடிக்கப் போவதாகச் சொன்னார்.

உறையூர்த் தம்பி | மார்ச் 28, காலை 9.30

நேற்று மாலை 12பி அனுமதி வந்துவிட்டது. பொருநை அம்மா, முதல் முறையிலேயே வந்தது, உங்களால்தான். இறக்குமதியாளரிடம் பணம் கட்டிவிட்டேன். இந்த மாத்திரையைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லி லண்டன் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. திருச்சியின் பங்குனி வெயிலில் கூரியர் வண்டியில் எப்படி வரும் என்று கேட்டேன். குளிர்ப் பொதியோடு அனுப்புவதாக எழுத்தில் தந்திருக்கிறார்கள்.

உறையூர்த் தம்பி | ஏப்ரல் 6, அதிகாலை 4.20

32 மாத்திரைகள். அக்கா நான்கு நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை. நடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நேற்று அம்மா தோசை வார்த்துக் கொடுத்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மருத்துவரிடம் பேசினோம், நாளை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். பொதி சென்னைக்கு வந்து சுங்கத்தில் நிற்கிறது. அனுமதி நகலைக் கேட்டார்கள், மூன்றாவது முறையாக அனுப்பியிருக்கிறேன்.

வடமராட்சி | ஏப்ரல் 6, அதிகாலை 4.35

விழித்துத்தான் இருக்கிறேன் தம்பி. விடியும் வரை இங்கே எழுதிக்கொண்டிருங்கள். அக்கா படுக்கும் அறையின் கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

உறையூர்த் தம்பி | ஏப்ரல் 6, அதிகாலை 4.41

திறந்திருக்கிறது. அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறார். அக்காவும் விழித்திருக்கிறார். 14416க்கு நான் பேசினேன், பிறகு அவரும் பேசினார். இருபது நிமிடம் பேசினார்.

நேர்வழி | ஏப்ரல் 6, காலை 8.00

முதல் நாள் நான் எழுதியதை இன்று மீண்டும் படித்தேன். தெரியாமல் எழுதிவிட்டேன் தம்பி, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சென்னையில் சுங்கத் தரகர் ஒருவரைத் தெரியும். ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தால் எந்த மேசையில் நிற்கிறது என்று அவர் பார்த்துச் சொல்வார். விரும்பினால் தனிச் செய்தியில் பொதி எண் அனுப்புங்கள்.

உறையூர்த் தம்பி | ஏப்ரல் 10, இரவு 9.05

இன்று பிற்பகல் பொதி வந்தது. குளிர்ப் பொதி இன்னும் சில்லென்று இருந்தது. டப்பாவைப் படம் எடுத்து மாசி வீதி ஐயாவுக்கு அனுப்பினேன். வேதிப் பெயர், வீரியம், காலாவதித் தேதி மூன்றையும் பார்த்துச் சரி என்றார். மருத்துவர் இன்று இரவிலிருந்தே மூன்றாக்கச் சொல்லிவிட்டார். பழைய அளவுக்குத் திரும்பிய பிறகும் தேறச் சில வாரங்கள் ஆகலாம் என்கிறார்.

நேர்வழி அண்ணா, உங்கள் நண்பர் சொன்ன மேசையில்தான் நின்றிருந்தது.

அடுத்த விண்ணப்பத்தை ஜூன் முதல் வாரத்தில் போட வேண்டும் என்று அக்கா நாட்காட்டியில் குறித்துவிட்டார், இந்த முறை பேனாவால். பொருநை அம்மா, உங்கள் மகனுக்கு அடுத்தது எப்போது? ஒரே இறக்குமதியாளர் என்றால் இரண்டையும் சேர்த்துக் கேட்கலாமா?

பொருநை | ஏப்ரல் 10, இரவு 9.40

எங்களுக்கு ஜூன் 20. அனுமதி அவரவர் பெயரில் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். கூரியரை ஒன்றாக்க முடியுமா என்று நாளை காலையில் கேட்டுச் சொல்கிறேன். அக்கா இன்றிரவு சாப்பிட்டாரா?

உறையூர்த் தம்பி | ஏப்ரல் 10, இரவு 9.48

இரண்டு இட்லி.